டப்பாவப் பாக்காத நைனா, சிப்பப் பாரு

இன்னா நைனா, ரிச்சி ஸ்ட்ரீட்டு போய்ட்டு வந்துகினியா? மூஞ்சியில வெற்றிக் களை சொட்டுது. கையில இன்னா, வீடியோ கேப்சர் டப்பாவா? குடு பாப்போம். மேல 'ஹெச்டி' போட்டுக்குது, 'யூஎஸ்பி' போட்டுக்குது, ஒரு பொம்பள சிரிச்சிகினு கீறா. உள்ள ஒரு குட்டி சிடி. அடேங்கப்பா! அந்த சிடிய சொருகற பொந்து உன் லேப்டாப்புல இன்னும் வேலை செய்யுதா? செஞ்சாலும் அது விண்டோசுக்கு எழுதுன டிரைவரு. நீயோ லினக்ஸ்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறவன். பேசாம அத்த மாடியில வடகம் காயற எடத்துல கட்டித் தொங்கவுடு, காக்காவாவது கிட்ட வராது.

கோவிச்சுக்காத பேராண்டி. நீ பண்றது நல்ல காரியம்தான். உங்கப்பன் கல்யாணக் கேசட்டு, அத்தை வளைகாப்புக் கேசட்டு, திருவொத்தியூர் கோயில் தேருக் கேசட்டு, அல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு கெளம்பிக்கிறே. மாலை மாத்தறப்ப தாமரை விரிஞ்சு அதுக்குள்ள உங்கம்மா மூஞ்சி சுத்தும் பாரு, அத்த இன்னிக்கு எந்த சாப்ட்வேராலயும் அவ்ளோ அலங்கோலமாப் பண்ண முடியாது. அதுக்காகவே காப்பாத்தணும். அதவுட முக்கியம், பின்னால தெரியற தெரு. துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவரு கட்டுனாலும் கட்டுனாங்க, தெக்கப் பக்கம் மணலு சேந்து மெரினா பெருத்துச்சு, வடக்கப் பக்கம் நம்ம கரைய கடலு அரிச்சுகினே போச்சு. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரிக்கும் இப்ப கல்லக் கொட்டி வெச்சுக்கிறாங்க. தண்ணியில போன வாசலு, கோலம் எல்லாம் இந்த மாதிரி கேசட்டுலதான் மிச்சம் கீது.

உன் லேப்டாப்பும் லேசுப்பட்டது இல்ல. உங்கக்கா பள்ளிக்கூடத்துல வாங்கியாந்த இலவச லேப்டாப்பு. 2011-ல கவருமென்ட்டு குடுக்க ஆரம்பிச்சப்பவே விண்டோசு ஒரு பக்கம், சென்னை சி-டாக்குல பண்ண பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம்னு ரெண்டும் போட்டுத்தான் குடுத்தாங்க. நம்ம தெருப் பசங்க எவனும் பாஸ் பக்கம் எட்டிப் பாக்கல. நீ பாத்தே. அதுக்கு ஒரு சலாம். ஆனா லினக்ஸ கத்துகினவன் கடையில சாமான் வாங்கக் கத்துக்கலியே!

காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கப் போனா உங்காத்தா இன்னா பண்ணுவா? தோலு மினுக்குதுன்னு துட்ட நீட்டுவாளா? செவுளத் தூக்கிப் பாப்பா. செவப்பா இருந்தாத்தான் வெல பேசுவா. இந்த டப்பாவுக்கும் செவுளு கீது, அதுக்குப் பேரு சிப்பு. மேல இன்னா பேரு அச்சடிச்சிருந்தாலும் லினக்சு அந்தப் பேர படிக்காது. உள்ள எந்த சிப்புன்னுதான் பாக்கும்.

நீ வாங்கியாந்த 'ஈசிகேப்'பையே எடுத்துக்கோ. மஞ்சா, வெள்ள, செவப்பு வாலு வுட்டுகினு ஒரே அச்சுல இருக்கும். தொறந்தா நாலு விதமான ஆளுல எவன் வேணா உள்ள குந்தியிருப்பான். எஸ்டிகே1160 இருந்தா உனுக்கு யோகம், 2012-ல வந்த 3.7 லினக்ஸ் கர்னல்லேர்ந்தே டிரைவரு உள்ளயே கீது. யூடிவி007 இருந்தாலும் பேஜாரு இல்ல, 'யூஎஸ்பிடிவி'ன்ற டிரைவரு 2013-ல 3.11-ல சேந்துச்சு. எம்பியா சிப்பா? அவன் பழைய ஆளு, 'இஎம்28எக்ஸ்' பாத்துக்கும். நாலாவது சோமாஜிக். அதுக்குக் கர்னல்ல டிரைவரே இல்ல. விண்டோசு டிரைவருக்குள்ளேர்ந்து ஃபர்ம்வேர உருவி, தனியா ஒரு புரோகிராம் வெச்சு ஏத்தணும். உனுக்கு எந்த ஆளு மாட்டிக்கிறான்னு பாப்போம், கையக் கூப்பி வேண்டிக்க.

இனிமே கடைக்குப் போனா 'லினக்ஸ்ல ஓடுமாண்ணே'ன்னு பல்ல இளிச்சிகினு கேக்காத. 'எல்லாத்துலயும் ஓடும் தம்பி'ன்னுதான் சொல்லுவாரு. துட்டு கைமாறுற வரிக்கும் எல்லாமே ஓடும். நீ லேப்டாப்ப இடுப்புல இடுக்கிகினு போ. 'ஒரு வாட்டி சொருகிப் பாத்துட்டு வாங்கிக்கிறேண்ணே'ன்னு சொல்லு. மொறச்சா அடுத்த கடைக்கு நட, அந்தச் சந்துல கடைக்கா பஞ்சம்? சொருகுனதும் டெர்மினல்ல 'எல்எஸ்யூஎஸ்பி' தட்டு. முக்காப்புள்ளிக்கு இந்தப் பக்கம் நாலு எழுத்து, அந்தப் பக்கம் நாலு எழுத்து காட்டும். அதான் சிப்போட ஜாதகம், அத்த நெட்டுல தேடிப் பாரு. அப்பால 'டிமெசேஜ்' பாரு, எந்த டிரைவரு வந்து புடிச்சுதுன்னு சொல்லும். 'டெவ் வீடியோ' வரிசையில புது நம்பரு மொளச்சுதா? 'வி4எல்2-சிடிஎல்' கிட்ட கேட்டா எந்த அளவு, எந்த ஃபார்மெட்டுன்னு கொட்டும். ஒண்ணுமே மொளக்கலியா, டப்பாவ மரியாதையாத் திருப்பிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போ. இதெல்லாம் என் சொந்தப் பேரன் சொல்லிக் குடுத்தான்னு நெனச்சிக்காத. கேசட்டு ஓட்டற டெக்கு வாடகைக்கு வுட்ட கை இது, அவனுக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

கேசட்டு வேலைக்கு யூஎஸ்பி 3.0, 4கே-ன்னு எவனாவது உதாரு வுட்டா ஏமாறாத. நம்ம ஊரு 'பால்' முறை வீடியோ 720-க்கு 576, நொடிக்கு 25 படம். அமுக்காம எடுத்தாலும் நொடிக்கு 21 மெகாபைட்டுதான், பழைய யூஎஸ்பி 2.0 அலட்டிக்காம தாங்கும். சில டிரைவரு அமெரிக்காக்காரன் மாதிரி என்டிஎஸ்சி-ன்னு ஆரம்பிக்கும். அத்த 'பால்' முறைக்கு மாத்தாம 'படம் தாறுமாறா ஓடுது'ன்னு எங்கிட்ட வந்து அழுவாத.

கேமராவச் சொருகி கேரம் போட்டி, கானாக் கச்சேரின்னு நேரலை காட்டணும்னா அது ஹெச்டிஎம்ஐ சமாச்சாரம். அங்க ஒரே மந்திரம் யூவிசி. வெப்கேமரா எந்த வழியில பேசுதோ அதே பொது வழி. 2008-ல, 2.6.26 கர்னல்லயே, லோரன் பின்சார்ட் எழுதுன டிரைவரு உள்ள வந்துடுச்சு. யூவிசி டப்பாவுக்கு சிடியும் வேணாம், சாமி கும்புடவும் வேணாம். சில பெரிய கம்பெனி கார்டு தன் டிரைவர தானே தரும், நல்லாவும் ஓடும். ஆனா அது கர்னலுக்கு வெளிய கீது, கர்னலு மாறுறப்பல்லாம் மறுபடி கட்டணும். உனுக்கு அவ்ளோ பொறுமை இருந்தா இந்நேரம் பொண்ணு பாத்து முடிச்சிருப்போம்.

மலிவா விக்கிற ஹெச்டிஎம்ஐ டப்பா நெறையத்துல எம்எஸ்2109 சிப்பு இருக்கும். யூவிசிதான், சொருகுனா வேலை செய்யும். ஆனா டப்பாவுல '4கே', முனையில நீலக் கலரு. 4கே உள்ள போவும், வெளிய வர்றது 1080-தான். நீலம் வெறும் பெயின்ட்டு, உள்ள யூஎஸ்பி 2.0. கணக்குப் போடு: 1920 பெருக்கல் 1080, புள்ளிக்கு ரெண்டு பைட்டு, நொடிக்கு 30 படம், ஆக 124 மெகாபைட்டு. யூஎஸ்பி 2.0 காகிதத்துலயே 60-தான் தாங்கும். அதனால அமுக்கி அனுப்பற எம்ஜேபெக்கத் தேர்ந்தெடு, இல்லாங்காட்டி படம் நொடிக்கு அஞ்சுன்னு நொண்டும். சத்தத்துலயும் டகுல்வேலை: ரெண்டு காதுக்கு 48 ஆயிரம்னு தரவேண்டியத, ஒத்தக் காதுக்கு 96 ஆயிரம்னு பொய் சொல்லும். 2020-ல கர்னல்ல அதுக்கு ஒட்டுப் போட்டுட்டாங்க, அதனால பாஸ்ஸோ உபுண்டுவோ, புதுசா ஏத்து. செட்டாப் பாக்ஸ சொருகி கறுப்பா வந்தா சிப்பத் திட்டாத, அது ஹெச்டிசிபி பூட்டு.

கடைசியா ஒண்ணு. டப்பா இன்னிக்கு இல்லன்னா நாளிக்குக் கெடைக்கும், டெக்கு கெடைக்காது. கடைசியா விசிஆர் பண்ணிகினு இருந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையிலயே கைய வுட்டுட்டான். நம்ம கடக்காத்துல கேசட்டுல வெள்ளப் பூஞ்சை புடிக்கும். கதவத் தொறந்து டேப்பப் பாக்காம உள்ள தள்ளுனா, ஹெட்டு அம்பேல். மூணு மணி நேரக் கேசட்டு ஏற மூணு மணி நேரம்தான் ஆவும், அவசரத்துக்கு ஓட்ட முடியாது. அமுக்காம எடுத்தா மணிக்கு 75 ஜிபி முழுங்கும். அமுக்கி எடுத்தா 2 ஜிபி சொச்சம், வீட்டுக் கேசட்டுக்குப் போதும்.

வெள்ளோட்டத்துக்கு உங்கப்பன் கல்யாணத்தப் போடாத. மொதல்ல உங்க மாமன் புள்ள காதுகுத்து கேசட்டப் போட்டுப் பாரு. டெக்கு அத்தத் தின்னாலும், அவன் மொய் வெச்ச லட்சணத்துக்கு ஒரு நட்டமும் இல்ல.