கடன் வாங்கிய கொள்ளுத்தாத்தா

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். பெயரைத் தவிர எதுவும் தெரியவில்லை. எங்கே தேடுவது?

பதில்: நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் உங்களுக்கு யோகம்! கடன்பட்டவர் பத்திரத்தில் இருப்பார். முதலில் டிரங்குப் பெட்டியைக் குடையுங்கள். பழைய பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று அவருடைய அப்பா பெயரும் வரும். நான்கெல்லை எழுதிய இடத்தை விட்டுவிடாதீர்கள். பக்கத்து வயல்காரர் பல நேரம் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிதான். கீழே அவர் பெயருக்கு நேரே கைநாட்டு இருந்தால், அது அவர் விரலேதான்!

பத்திரம் இல்லையா? சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஆள் பெயருக்கே தனி அட்டவணை உண்டு. குலதெய்வக் கோயிலின் பழைய தலைக்கட்டு வரி நோட்டையும் விசாரியுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ஊரில் இருக்கும் மூத்த அத்தையிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள்.