பெயர் கிட்டாமை இலக்கணம்: பாயிரமும் விருத்தியுரையும்

தொல்காப்பியர் எந்நூற்றாண்டினர், ஔவையார் எத்தனை பேர் என்னும் வினாக்களுக்கெல்லாம் நம் பண்டிதர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியே விடை கண்டு திருப்தியுற்றுவிட்டபடியால், ஆராய்ச்சியுலகில் இன்னும் எவரும் கைவைக்காது எஞ்சி நிற்கும் விஷயங்களுள் தலையாயது, ஜாவா அப்ளிகேஷன் சர்வர் ஒன்றில் குடியிருப்பதாக எல்லோரும் சத்தியம் செய்யும் ஒரு பொருளை, ஒரு புரோகிராம் முறைப்படி பெயர் சொல்லி அழைத்த அளவில், அப்பெயருடையது இங்கில்லை என்று அச்சர்வர் கைவிரித்துவிடுவது எதனால் என்பதேயாகும். இதனை 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று கூறித் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவர் உலகோர். அவ்வளவு எளிமையாகக் கூறிவிட்டால் பின் ஆய்வேடு எழுதுவது எங்ஙனம்? ஆகவே இதற்குப் 'பெயர் கிட்டாமை' எனக் குறியிட்டு விசாரணை புகுகின்றோம்.

ஆய்வுக்களம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. 1964ஆம் ஆண்டில் அது தோன்றிய காலத்தில் லேத்துப் பட்டறைகளும் உதிரிபாகச் சாலைகளுமே அதன் செல்வமாயிருந்தன. இப்பொழுது அவற்றினூடே கண்ணாடிச் சுவர்கள் எழும்பி, ஆவடியிலிருந்து மின்சார ரயிலிலும் பூந்தமல்லியிலிருந்து பேருந்திலுமாக வந்திறங்கும் இளைஞர்கள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்புகுந்து, மாலைவரை பெயர்களைத் தேடுகிறார்கள்.

தேடுதலின் வரலாறு சுருக்கமானது. 1997இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் ஜே.என்.டி.ஐ. என்னும் ஏற்பாட்டை வெளியிட்டனர். புரோகிராம் எழுதுவோன் டேட்டாபேஸின் முகவரியையும் பாஸ்வேர்டையும் தன் எழுத்துக்குள் புதைத்து வைக்காமல் ஒரு பெயரை மட்டும் எழுதி வைப்பான்; சர்வரை நிர்வகிப்போன் அப்பெயரில் உண்மைப் பொருளைக் கட்டி வைப்பான்; ஓடும்போது ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளும். இருவரும் ஒரே பெயரை எழுதுவார்கள் என்னும் அனுமானம் ஒன்றே இதில் பலவீனமான பகுதி. பெயர் நிலையானதென்று இவ்வேற்பாட்டைச் செய்தவர்கள் கருதினார்கள் போலும், ஆயின் சன் நிறுவனமே 2010இல் ஆரக்கிளுள் கரைந்தது, இ.ஜே.பாஸ் எனப் பிறந்த சர்வர், வணிகக்குறித் தகராற்றில் முதலெழுத்தை இழந்து ஜேபாஸ் ஆகி, 2014இல் வைல்ட்ஃபிளை என்று வெளிவந்தது, ஜாவா இ.இ. என்பது 2018இல் ஜகார்த்தா இ.இ. ஆயிற்று, 2020இல் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய தொகுதிகள் கூட்டங்கூட்டமாக 'ஜகார்த்தா' என்று பெயர் மாற்றிக்கொண்டன. அம்மாற்றத்தில் தப்பிய சிலவற்றுள் ஒன்று ஜாவாஎக்ஸ்.நேமிங். அடிப்படை ஜாவாவைச் சேர்ந்தமையால் அது தப்பிற்று என்பது உண்மைக் காரணம். பெயரையே தொழிலாகக் கொண்டது தன் பெயரை மாற்றிக்கொள்ள நாணிற்று என்பது எமது கொள்கை. எமது கொள்கையே இனி மேற்கோள் காட்டப்படும்.

இனி வகைகள். நோ இனிஷியல் கான்டெக்ஸ்ட் என்பது எங்கே தேடுவதென்று சொல்லாமலே தேடச் சொல்வது. இதில் ஆராய ஒன்றுமில்லை. கம்யூனிகேஷன் எக்ஸெப்ஷன் என்பது 7001ஆம் போர்ட்டில் வீற்றிருக்கும் வெப்லாஜிக்கை, பழைய ஜேபாஸ் இருந்த 1099இல் போய் அழைப்பது. நேம் ஆல்ரெடி பவுண்ட் என்பது ஒரு பெயரில் முன்னரே ஒருவர் இருக்க இன்னொருவரையும் கட்ட முயல்வது. ஔவையார் விஷயத்தில் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் செய்ததைச் சர்வர் ஒரே வரியில் செய்து முடிப்பதால், அதன் கல்வித்தகுதி ஐயத்திற்குரியது.

பொருளிலாப் பெயர் என்றொரு வகையும் உண்டு. டாம்கேட்டில், வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு டேட்டா சோர்ஸ் வேண்டுமென்று எழுதிவிட்டு, அது இன்னதென்று கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத மறந்துவிட்டால், பெயர் கிட்டிவிடும். ஆனால் அதனிடம் கனெக்‌ஷன் கேட்டால், டிரைவரின் பெயர் வெறும் மேற்கோட்குறி, முகவரி 'நல்' என்று அது பதிலளிக்கும். டன்லப் டயர் ஆலையில் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகியும் அம்பத்தூரில் கண்டக்டர் 'டன்லப்' என்று கூவுகிறார், இறங்க வேண்டியவர்கள் இறங்குகிறார்கள். டயர் கேட்டவர் எவருமில்லை என்பதால் அங்கே பிழை எழவில்லை.

எஞ்சியது நேம் நாட் ஃபவுண்ட். இதனைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் நன்னூலாரின் மூவகை விகாரத்துள் அடக்கலாம் என்று முதன்முதற் கண்டவர் யாம் என்பதைத் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறோம்.

கெடுதலாவது, 'ஜாவா:காம்ப்/என்வ்/' என்னும் முன்னொட்டுக் கெட்டு மறைவது. அம்முன்னொட்டால் குறிக்கப்படும் இடம் ஒவ்வோர் அங்கத்துக்கும் உரிய தனியறை. ஒரே பெயரை அவ்வறைக்கு உள்ளிருப்பவன் கேட்டால் கிட்டும், சர்வர் அறியாமல் தானாகக் கிளப்பிவிட்ட திரெட் ஒன்று கேட்டால் கிட்டாது. 2009இல் வந்த ஜாவா இ.இ. 6, பீன்களுக்கேனும் 'ஜாவா:குளோபல்' என்று தொடங்கும் பொதுவான பெயர்முறை ஒன்றை விதித்தது. அதற்குமுன் ஒவ்வொரு சர்வரும் தன் மனம்போனபடி பெயரிட்டது. திரிதலாவது, ஆங்கிலப் பெரிய எழுத்துச் சிறிய எழுத்தாவது. பெரியது சிறியது என்னும் பேதமே இல்லாத லிபியில் அரிச்சுவடி பயின்றவனுக்கு இப்பாபம் பிறவியிலேயே மன்னிக்கப்படத்தக்கது.

தோன்றல் விகாரமே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. பெயரின் ஈற்றில் எவரும் காணாதபடி ஓர் இடைவெளி வந்து தோன்றும். ஆய்தம், குற்றியலுகரம் என்று அரைமாத்திரை ஒலிக்கும் இடங்கொடுத்த நம் இலக்கணிகள், மாத்திரையே இல்லாத இந்த எழுத்தைக் கூறாது விட்டது பெருங்குறை. இதனை 'ஈற்று வெறுமை' என்க. ஜாவாவின் பிராப்பர்ட்டீஸ் கோப்பைப் படிக்கும் விதி, சமக்குறிக்குப் பின் மதிப்பின் முன்னே வரும் இடைவெளியைக் களையும். பின்னே வரும் இடைவெளியைக் களையாது. முன்னதைக் களைந்தவர் பின்னதை ஏன் விட்டார்? வேண்டுமென்றே இடைவெளி வைப்போனும் உலகில் இருக்கக்கூடும் என்னும் தயையினால் என்பர் ஒருசாரார். அற்றேல், 'டிரிம்' என்னும் கருவியால் களைந்துவிடலாமே எனின், அஃதொவ்வாது. வேர்ட் ஆவணத்திலிருந்தோ சாட்டிலிருந்தோ ஒட்டும்போது வந்து சேரும், யூனிகோடில் 160 என்னும் எண்ணுடைய பிரியா இடைவெளியை அக்கருவி தொடாது. 2018இல் ஜாவா 11இல் வந்த 'ஸ்ட்ரிப்' தொடாதோ எனின், அதுவும் தொடாது. 160ஐ வெற்றிடமென்று கருதலாகாதென அதன் விதியிலேயே விலக்கு உண்டு. இவ்விரண்டையும் கடந்து நிற்பதனால் அவ்விடைவெளியை நிர்க்குணப் பிரம்மம் என்று கொள்ளத் தடையில்லை.

இனிப் பாடபேதம். 'ஜேடிபிசி/சம்பளம்' என்னும் பெயர் பயிலும் கோப்பு மூன்று ஏடுகளிற் கிடைக்கிறது. அம்பத்தூர்ப் பாடம், டெஸ்ட் சர்வரில் உள்ளது; ஈற்றில் ஒன்றுமில்லை. ஆவடிப் பாடம், ரயிலில் தினமும் போய்வரும் லேப்டாப் ஒன்றில் உள்ளது. ஓர் இடைவெளி உண்டு. பூந்தமல்லிப் பாடம், வேலையை விட்டுப் போனவர் மேசை இழுப்பறையில் விட்டுச் சென்ற பென் டிரைவில் உள்ளது, ஈற்றில் 160. இவற்றுள் எது மூலபாடம்? 'இடைவெளி இருக்கு' என்பது மானிட்டர் ஓரத்து மஞ்சள் ஒட்டுத்தாள் (முன்பக்கம், இரண்டாம் வரி). அதனை மறுப்பது அதே தாளின் பின்பக்கம் (பிரியாணிக் கணக்குக்குக் கீழே, பென்சிலில், வேறு கையெழுத்தில், 'ரைத்தா வேண்டாம்' என்பது பிற்காலத்து இடைச்செருகல்). இவ்விரண்டையும் சமரசம் செய்வது நான்காம் மாடி ஒயிட் போர்டு (அழிக்கப்பட்டது, ஈரத்துணியின் திசையைக் கொண்டு மீட்டெடுத்த பாடம், மின்விளக்கின் கீழ் வலப்புறமாக நின்று நோக்குக, கூட்டிப் பெருக்கும் அம்மாவின் வாய்மொழிச் சான்றும் ஒத்துவருகிறது). கடினமான பாடமே பழைய பாடம் என்பது சுவடிப் பதிப்பாசிரியர்களின் பொன்விதி. கண்ணுக்கே தெரியாத பாடத்தினுங் கடினமானது வேறில்லையாதலால், 160ஐக் கொண்ட பூந்தமல்லிப் பாடமே மூலமெனத் துணிந்தோம்.

இதனிடையே, ஒரு நாள் இரவு, புரொடக்‌ஷன் சர்வரில் சம்பள டேட்டா சோர்ஸ் கிட்டாமற் போயிற்று. நோய்க்கு மருந்து கூறுவோர் மூன்று மதத்தினராகப் பிரிந்தனர். ரீஸ்டார்ட் மதத்தினர் சர்வரை அணைத்து ஏற்றினர். மறுபிறவியிலும் கர்மம் தொடர்ந்தது. 'என் மெஷின்ல ஓடுது' என்னும் சுயானுபவ மதத்தினர் தம் நிலையில் உறுதியாயிருந்தனர். லாக் மதத்தினர் எல்லாவற்றையும் லாக்கில் எழுதச் சொன்னார்கள். எழுதுவதனால் யாருக்கும் தீங்கில்லை என்னும் அவர்களது சித்தாந்தம், லாக்4ஜே எழுதப்போன வரியினுள்ளேயே பெயர் தேடும் கட்டளையைக் கண்டு அந்நியர் சர்வர்வரை போய்த் தேடிய செய்தி வெளிப்பட்ட 2021 டிசம்பரிலேயே ஆட்டங்கண்டுவிட்டதை அவர்கள் மறந்திருந்தனர்.

இரவுப்பணியிலிருந்த நிர்வாகி ஒருவர், ஆராய்ச்சி முறையில் எவ்விதப் பயிற்சியும் இல்லாதவர், இளைஞன் ஒருவனை அழைத்துக் கேட்டார்.

"கடைசியா எந்த ஃபைல்லடா கை வெச்ச?"

"எதுலயும் வெக்கலண்ணா. பிராப்பர்ட்டீஸ் ஃபைல சும்மா திறந்து பாத்துட்டு சேவ் பண்ணேன்."

"சும்மா எதுக்கு சேவ் பண்ண?"

"பழக்கம்ணா."

இவ்விடத்து நிர்வாகி செய்தது ஆராய்ச்சி மரபுக்கு முற்றும் விரோதமானது. அவர் எந்த ஏட்டையும் ஒப்புநோக்கவில்லை; சர்வரில் என்னென்ன பெயர்கள் கட்டப்பட்டுள்ளன என்பதையே நேரே பார்த்துவிட்டார். வெப்லாஜிக்கில் ஜே.என்.டி.ஐ. மரமென்றும், கிளாஸ்ஃபிஷ்ஷில் லிஸ்ட் ஜே.என்.டி.ஐ. என்ட்ரீஸ் என்றும், வெப்ஸ்பியரில் டம்ப் நேம்ஸ்பேஸ் என்றும் இவ்வசதி நெடுங்காலமாக உண்டு. ஆயினும் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதைப் பிரமாணமாகக் கொண்டால் கருத்தரங்குகளின் கதி என்னாவது என்றஞ்சியே அறிஞர்கள் அதனை இதுகாறும் தவிர்த்து வந்தனர். நிர்வாகி, அங்குக் கண்ட பெயரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தார். நீல நிறம் கடைசி எழுத்தைத் தாண்டி ஓரெழுத்து அகலம் கூடுதலாக ஓடிற்று. சர்வரிலும் இடைவெளி, கோப்பிலும் இடைவெளி, இரண்டு பிழையும் ஒன்றையொன்று பொருந்தி ஆண்டுக்கணக்காக மாதச் சம்பளம் பட்டுவாடா செய்துவந்திருக்கின்றன. இளைஞனுடைய எடிட்டர், சேவ் செய்யுந்தோறும் வரியீற்று வெறுமைகளைத் துடைத்தெறியும் சுபாவமுடையது; அது கோப்பைத் 'திருத்திய பதிப்பாக' வெளியிட்டமையால் வந்த வினை இது. பொருள் விளங்காத இடத்திலெல்லாம் ஏட்டைத் திருத்தி அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் சிலருக்கும் அந்த எடிட்டருக்கும் உள்ள உறவு தனி நூலாக விரியும்.

சர்வரில் கட்டிய பெயரைத் திருத்தலாமென்றால், அதே பெயரை அதே பிழையோடு அழைக்கும் வேறு புரோகிராம்கள் எத்தனை என்று எவருக்கும் தெரியாது, மாற்றத்துக்கான அனுமதிக்கு வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும், சம்பளமோ மறுநாள். ஆகவே கோப்பில் இடைவெளியை மீண்டும் வைத்து, அதன் மேல்வரியில் 'கீழேயுள்ள வரியின் ஈற்று இடைவெளியை நீக்க வேண்டாம்' என்று நிர்வாகி ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். அக்குறிப்பு மூலத்தைச் சேர்ந்ததா, இடைச்செருகலா என்பது பற்றிய எமது அடுத்த கட்டுரை அச்சில் உள்ளது.