வாங்குறதுதான் வாங்குறீங்க…

சைக்கிள் வாங்கும் ஆசை வந்தால் மனைவியிடம் சொல்லலாம், மாமனாரிடம்கூடச் சொல்லலாம். ரோடு பைக் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். கையுறை முடிகிற இடத்தில் ஒரு நிறம், அதற்கு மேலே வேறு நிறம். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய் வந்ததை வியாழக்கிழமை வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவரிடம் மாட்டிக்கொண்டவர் முதலில் பட்ஜெட்டைச் சொல்வார். “நாற்பதாயிரத்துக்குள்ள பாக்கறேன்.”

அண்ணன் சிரிக்க மாட்டார். அதுதான் ஆபத்து. மிகுந்த மரியாதையோடு தலையாட்டுவார். “தாராளமா வாங்கலாம் சார். கிளாரிஸ் போட்ட வண்டி கிடைக்கும். பின்னாடி எட்டுப் பல்சக்கரம். தப்பே இல்ல. ஆனா வாங்குறதுதான் வாங்குறீங்க, இன்னும் ஒரு பத்து போட்டீங்கன்னா சோராவுக்குப் போயிடலாம். அது ஒன்பது.”

பத்து என்றால் பத்தாயிரம். ஆயிரம் என்று முழுசாகச் சொன்னால் ஆள் பயந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். இவரும் மனசுக்குள் தீபாவளி போனஸையெல்லாம் கூட்டிப் பார்த்து, சரி, ஒன்பதே இருக்கட்டும் என்பார். “ஒன்பது வரைக்கும் வந்துட்டு டியாக்ரா வாங்கலன்னா, அப்புறம் ரோட்டுல ஒவ்வொரு தடவ கியர் மாத்தும்போதும் மனசு அடிச்சுக்கும் சார். அது பத்து.” டியாக்ராவுக்கு ஒப்புக்கொண்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர் அண்ணனை அறியாதவர். அங்கேதான் அவருக்குச் சுருதியே சேரும். “டியாக்ரா விலைக்கும் நூத்தியஞ்சு விலைக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. இப்ப வர்ற நூத்தியஞ்சுல பன்னெண்டு! நூத்தியஞ்சுதான் சார் சைக்கிள். அதுக்குக் கீழ எல்லாம் பழகறதுக்கு.”

பழகுவதற்குத்தான் ஐயா கேட்கிறார்கள்.

இத்தனைக்கும் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, நூற்றைந்து எல்லாமே ஷிமானோ என்ற ஒரே ஜப்பான் கம்பெனியின் சரக்கு. கியர், பிரேக், செயின் முதலான சாமான்களின் செட்டுக்குத் தரவாரியாக வைத்த பெயர்கள். மேலே போகப் போக எடை குறையும், கியர் இன்னும் வழுக்கிக்கொண்டு விழும். அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி சிறுத்து, மிதிக்கிற வேகம் கெடாமல் மாற்ற முடியும். வித்தியாசம் உண்மைதான். ஆனால் கீழே இருப்பதும் ஓடும், நிற்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நூற்றைந்துக்கு மேலேயும் அல்டெக்ரா, டூரா ஏஸ் என்று இரண்டு படிகள் உண்டு. டூரா ஏஸைச் சொல்லும்போது மட்டும் கருவறை முன் நிற்பவர்போல அண்ணன் குரல் தாழ்ந்துவிடும்.

இவ்வளவும் எந்தச் சாலைக்கு? ஈசிஆருக்கு! திருவான்மியூரில் ஏறி மகாபலிபுரம் வரை தோசைக்கல்லாகக் கிடக்கிற சாலை அது. முட்டுக்காடு பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல எதுவும் கிடையாது. அங்கே மல்லுக்கு நிற்பது எதிர்க்காற்று. அதற்கு உங்கள் வண்டியில் எட்டா பன்னிரண்டா என்று பார்க்கத் தெரியாது. எடை விஷயமும் அப்படித்தான். சர்வதேசப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிக்க மாட்டார்கள். அந்த எல்லையை நோக்கி அண்ணன் கிராம் கிராமாக நகர்ந்துகொண்டிருக்கிறார். பாட்டில் மாட்டுகிற கம்பிக்கூட்டைக் கார்பனில் வாங்கி 20 கிராமோ என்னவோ மிச்சம் பிடித்தார். சவாரி முடிந்ததும் இரண்டு பொங்கல், ஒரு வடை, ஃபில்டர் காபி. இதற்கிடையில் நீலாங்கரைப் பக்கம், ஒற்றைக் கியர் வண்டியின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு இடியாப்பக்காரர் மணியடித்துத் தாண்டிப் போவார். அண்ணன் கணக்கில் அவர் சைக்கிள் ஓட்டுபவரே அல்ல. சவாரிக் கணக்கு வைக்கிற ஸ்ட்ராவா ஆப்பில் இல்லையே!

இந்தத் தாராளமெல்லாம் அடுத்தவர் பர்ஸுக்குத்தான். வீட்டில் மிக்ஸி போய் கடைக்குப் போனபோது, விற்பனைப் பையன் 750 வாட்ஸ் மாடலை எடுத்துக் காட்டினானாம். “சட்னிதானே அரைக்கப் போறோம், 500 போதும்” என்றாராம் அண்ணன். இதை அவர் மனைவி சொல்லிச் சிரித்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கார்பன் சக்கரத்தின் விலையை ஒரு சைபர் குறைத்து அண்ணன் அவருக்குச் சொல்லியிருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஆனாலும் மனிதரை வெறுக்க முடியாது. கோவளம் தாண்டி ஒரு காலை என் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். சாலையோரம் குந்தி உட்கார்ந்து, லீவரால் டயரை நெம்பி, டயரின் உட்புறம் முழுக்க விரலைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, மயிரிழைக் கம்பித் துண்டு ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்தார். “இத எடுக்காம புது டியூப் போட்டா, பத்தடியில திரும்பப் போயிடும்.” தன் டியூபையே போட்டார். காசு வாங்கவில்லை. அவர் சொன்னதிலேயே உருப்படியான பாடம் அதுதான். அது கடைவாசலில் வரவில்லை, தார் ரோட்டில் வந்தது.

என் ஆத்திரமே இங்கேதான். புதியவருக்குத் தேவையானது அத்தனையும் இந்த மனிதருக்குத் தெரியும். கேட்டால் ஒன்றைக்கூட முதலில் சொல்ல மாட்டார். பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது என்பதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? தையல் உராய்ந்து, இரண்டு நாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். ரோடு பைக் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. நம்மூர் பஞ்சர் கடைக் குழாய் மோட்டார் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும். சுண்டுவிரல் நகமளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடந்தால் போதும், இல்லாவிட்டால் கம்ப்ரெஸர் பக்கத்திலேயே நின்று காற்று வாங்க வேண்டியதுதான். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள்கிற உயரத்துக்கு சீட்டை வைத்தால், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். முட்டிவலி பாதி குறையும். ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, மாற்று டியூப், இரண்டு லீவர், கைப்பம்ப், தண்ணீர். ஷூவைப் பெடலோடு பூட்டுகிற கிளீட்டெல்லாம் மெதுவாக வரட்டும். சிக்னலில் காலை எடுக்க மறந்து, நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் சாய்கிறவரைப் பார்க்கிற பஸ் பயணிகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஃபிரேம் அளவு. 52 சைஸ் ஓட்ட வேண்டிய ஒரு நண்பருக்கு, நூற்றைந்து போட்ட வண்டி தள்ளுபடியில் வருகிறதென்று 56-ஐத் தலையில் கட்டினார் அண்ணன். “ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம்ம மாத்திக்கலாம் சார்!” மாற்றினார்கள். கழுத்துவலி மாறவில்லை. அந்த வண்டி இப்போது பால்கனியில் துண்டு காயப்போடுகிறது. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆசையாக வந்த மனுஷன், இன்றைக்குச் சைக்கிள் என்றாலே பேச்சை மாற்றுகிறார்.

அலுவலகத்தில் ஒரு பையன் கையில் முப்பத்தைந்தாயிரத்தை வைத்துக்கொண்டு அண்ணனிடம் போனான். இன்றுவரை வாங்கவில்லை. நூற்றைந்துக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவன் சேர்க்கச் சேர்க்க விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. இதற்குள் யூடியூப் பார்த்துப் பார்த்து, அண்ணனையே திருத்துகிற அளவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதே தளத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, யாரையும் கேட்காமல், பழைய கிளாரிஸ் வண்டி ஒன்றைத் தன் உயரத்துக்குப் பார்த்து வாங்கி, வேளச்சேரியிலிருந்து தினமும் அதில் வர ஆரம்பித்தாள். போன வாரம் சாயங்காலம் அவள் கிளம்பும்போது, பையன் பார்க்கிங்கில் குனிந்து பின்சக்கரத்தை ஆராய்ந்தான்.

“எட்டுதானா? ஷிஃப்டிங் கொஞ்சம் லேட்டா விழுமே?”

“தெரியலையே ப்ரோ” என்று பெடலை மிதித்தாள் அவள். பையன் ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினான்.