ஊருக்கு என்ன வாங்கிப் போவது?

நாலு நாள் விடுப்பில் வெளிநாடு போகிறவர்கள், இங்கிருந்து என்ன கொண்டு போகலாம், அங்கிருந்து என்ன வாங்கி வரலாம் என்று இன்று கைப்பேசியைத் தடவிக் கேட்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. மலேசியாவில், சிரம்பான் லோபாக்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று பெரட்டுக் களத்தில் செய்தி கசிந்தால் போதும், அன்று சாயங்காலமே, பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, ஒவ்வொருவராக லயத்து வாசலுக்கு வந்து உட்கார்ந்து, முதலில் மழையைப் பற்றியும் பிறகு தோட்டத்துக் கிராணியைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்து போகும்போது ஏதோ அப்போதுதான் நினைவு வந்ததுபோல, "அண்ணே, எங்க ஆத்தாவுக்கு ஒரு கோடாலித் தைலம், தங்கச்சிக்கு ஒரு நைலக்ஸ் சேலை. சின்னப் பொட்டலந்தான்" என்பார்கள். சின்னப் பொட்டலங்கள் எல்லாம் சேர்ந்து பெட்டி நிறைந்தபின், போகிறவருடைய சொந்த வேட்டி இரண்டையும் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு போவதுதான் வழக்கம். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. பெட்டியின் கனம்தான் மனிதரின் கனம் என்று அந்தக் காலம் நம்பியது.

அப்போது குறுகிய பயணம் என்று ஒன்று கிடையாது. ரஜுலா என்ற கப்பலின் பெயரை என் வயதுக்காரர்கள் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக் காலம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த கப்பல் அது. போக ஒரு வாரம், வர ஒரு வாரம். நடுவில் சில மாதமாவது தங்காமல் திரும்பினால், என்ன சண்டையோ என்று தோட்டம் பேசும். என் அப்பா அதில் போய் வந்தவர். அவர் வாங்கி வந்தவற்றை இப்போது நினைத்துப் பார்த்தால் ஒரு சின்னச் சமையலறையையே கடல் கடத்தியிருக்கிறார்: பித்தளை முறுக்கு நாழி, குத்துவிளக்கு, அரிவாள்மனை, சீயக்காய், பனங்கற்கண்டு, பழனி விபூதி, டப்பாவுக்குள் கொஞ்சம் புளித்துப்போயிருந்த பஞ்சாமிர்தம். அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்த கணத்தில் பாச்சை உருண்டையும் சீயக்காயும் பஞ்சாமிர்தமும் கலந்து எழுந்த வாசனை இருக்கிறதே, அதை முகர்வதற்காகவே பக்கத்து லயத்துப் பிள்ளைகளெல்லாம் வந்து நின்றோம். இந்தியா என்றால் அந்த வாசனைதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னாளில் நேரில் போய் இறங்கியபோது டீசல் வாசனைதான் முதலில் வந்தது.

அதே கப்பலில் போன இன்னொரு வகைப் பெட்டிகளும் உண்டு. 1969-க்குப் பிறகு, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோனவர்களுக்கு வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, பல்லாயிரம் தோட்டத்துக்காரர்கள் ஒரேயடியாகக் கப்பலேறினார்கள். இருந்த சேமிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு சிரம்பான் டவுனுக்குப் போய், ராலே சைக்கிள், சிங்கர் தையல் மெஷின், டிரான்சிஸ்டர் ரேடியோ என்று வாங்கினார்கள். இந்தியாவில் இவை கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. சைக்கிளின் பாரில் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை யாரும் பிரிக்காமலேயே லாரியில் ஏற்றியதைப் பார்த்து, நம் அப்பா மட்டும் ஏன் நீல அட்டை வாங்கித் தொலைத்தார், வாங்காமல் இருந்திருந்தால் நமக்கும் ஒரு ரேடியோ வந்திருக்குமே என்று பொறாமையில் வெந்தேன். அந்த மெஷின்களில் சில தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ரொம்ப காலம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ரஜுலா ஓய்ந்தபின் 'சிதம்பரம்' ஓடியது. 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்துபோயிற்று. அதற்குள் நான் சுபாங்கிலிருந்து விமானம் ஏறும் இளந்தாரி ஆகியிருந்தேன். முசிறிப் பக்கம் மாமா வீடு. சஃபாரி சூட்டும் கறுப்புக் கண்ணாடியும், தோளில் தொங்கும் டூ-இன்-ஒன்னுமாக நான் மாட்டுவண்டிப் பாதையில் நடந்து போனதை நினைத்தால், அந்த இளைஞனை ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, வெயில் தொண்ணூத்தொம்பது டிகிரி, அந்தக் கோட்டைக் கழட்டுப்பா" என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஊரின் கண்ணில் நான் அப்படித்தான் வந்தாக வேண்டியிருந்தது. மலேயாக்காரர் வியர்க்கலாம், மலேயாக்காரர் மாதிரி இல்லாமல் இருக்கக்கூடாது.

இந்தியா அப்போது கதவைச் சாத்தி வைத்திருந்த காலம். வெளிநாட்டுச் சாமான் என்றால் வாசனை சோப்புகூட விருந்தாளி வரும்போது மட்டும் வெளியே வரும். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடை போட்ட பர்மா பஜாரில் விலை சொன்னால் மயக்கம் வரும். அதனால் எங்கள் பெட்டிக்கு மதிப்பு. டைகர் பாம், ஜப்பான் சேலை, குடை, மைலோ டின், பெரியவர்களுக்கு 555 சிகரெட். மைலோவைக் கலக்கிக் குடிக்காமல், டின்னை மட்டும் கொலுவில் வைத்ததுபோல அலமாரியில் வைத்திருந்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.

மாமாவுக்காக நான் தேடிப் பிடித்து வாங்கியது ஒரு கைலி. சிரம்பானில் தமிழ் முஸ்லிம் கடையொன்றில், இருப்பதிலேயே விலை கூடியதாகப் பார்த்து, நல்ல மொடமொடப்போடு வாங்கியது. பிரித்தார், உதறினார், முனையில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "மாப்ள, இது நம்ம குடியாத்தத்துல நெய்யுறது" என்றார். "கப்பல்ல போயி, பிளேன்ல திரும்பி வந்திருக்கு. நம்மளவிட நல்லா ஊரு சுத்தியிருக்கு." சொல்லிவிட்டு அன்று மாலையே அதைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். யாரோ கேட்டதற்கு, "மலேசியா கைலிய்யா, மாப்ள கொண்டாந்தாரு" என்று அவர் உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது. எங்கே நெய்தால் என்ன, கொண்டுவந்தது யார் என்பதுதான் கணக்கு என்ற வாணிப ரகசியத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். எந்த விளம்பரக் கம்பெனியும் அதற்கு மேல் இன்றுவரை எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு 1991 வந்தது, இந்தியா கதவைத் திறந்தது, எங்கள் பெட்டியின் மதிப்பு ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டைகர் பாம் அந்த ஊர் மருந்துக் கடையிலேயே கிடைத்தது. டூ-இன்-ஒன் செத்தது. இந்தப் பக்கம், 1998-ல் சிப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறந்தார்கள். ஒரு காலத்தில் நம்மவர்கள் காடு திருத்தித் தோட்டம் போட்ட வட்டாரம் அது. இன்றைக்கும் விமானம் இறங்கும்போது கீழே செம்பனை வரிசைதான் கண்ணுக்குத் தெரிகிறது. லோபாக்கிலிருந்து நெடுஞ்சாலை ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். 2008 கடைசியில் மலிவு விமானம் நேரே திருச்சிக்கே பறக்கத் தொடங்கியதும் கதை முழுசாக மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி, செவ்வாய்க்கிழமை காலை இங்கே பசியாற வந்துவிடலாம். அப்பாவின் காலத்தில் அந்த நேரத்துக்குள் கப்பலில் பாதி வழிதான் போயிருக்க முடியும். வாந்தி எடுத்துத்தான் முடித்திருப்பார்கள்.

சரி, இப்படி ஓடிப்போய் ஓடி வருகிற பயணத்தில் என்ன வாங்குவது? இங்கேதான் வேடிக்கை. லோபாக்கில் எங்கள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடையில் ஆச்சி மசாலா இருக்கிறது, அப்பளம் இருக்கிறது, சீயக்காய் இருக்கிறது, முறுக்கு நாழி எவர்சில்வரில் தொங்குகிறது. பஞ்சாமிர்தம்கூடப் புளிக்காமல் வருகிறது. சேலை வேண்டுமென்றால் இளம்பிள்ளைக்காரர் ஒருவர் இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் நேரலை போட்டு, "அக்கா, மலேசியா அக்கா, இந்தக் கலரு பாருங்க" என்று என் மனைவியைப் பெயர் சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கோலாலம்பூருக்குப் போனால் மஸ்ஜித் இந்தியா. 2010-ல் லிட்டில் இந்தியா என்று அலங்காரம் செய்யப்பட்ட பிரிக்பீல்ட்ஸ். தீபாவளி நெருங்கினால் தி. நகரே வந்து கூடாரம் அடித்ததுபோல ஆகிவிடுகிறது. பணமாற்றில் மட்டும் ஒரு ஆறுதல் உண்டு: நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மூன்று ரூபாய்ச் சொச்சம், இப்போது அதைப்போலப் பல மடங்கு. அந்தச் சந்தோஷத்தில் திருச்சி சின்னக்கடை வீதியில் இறங்கினால், பட்டுச் சேலையின் விலை அந்த ஆறுதலை முதல் கடையிலேயே பிடுங்கிக்கொள்கிறது.

ஆனாலும் போகிறோம். இங்கே கல்யாணம் வைத்த வீடெல்லாம் போகிறது. காரணம் ஒன்றுதான், ஜாக்கெட். ஆரி வேலைப்பாடு போட்ட ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு இங்கே கேட்கிற கூலியில் அங்கே போய், தங்கி, தைத்து, பிரியாணி சாப்பிட்டுத் திரும்பிவிடலாம் என்று பெண்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் விமானச் சீட்டு சேராது என்பதை நான் ஒருமுறை சுட்டிக்காட்டினேன். அதற்குப் பிறகு சுட்டிக்காட்டவில்லை. ஆகவே பயணத்தின் நடுநாயகம் கோயிலும் அல்ல, உறவும் அல்ல, தையல்காரர். என்.எஸ்.பி. ரோட்டுச் சாரதாஸில் துணி எடுத்தாயிற்று, அளவு கொடுத்தாயிற்று. "நாளைக்குச் சாயங்காலம் ரெடிங்கக்கா" என்று அவர் சொன்ன சாயங்காலம் வருகிறது, போகிறது. மலைக்கோட்டைக்கு ஏறலாமா என்றால், அதற்குள் தையல்கடையைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? ஸ்ரீரங்கத்தில் பெருமாள் முன்னால் நிற்கும்போதும் மனைவியின் கண் கைக்கடிகாரத்தில். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் தங்கி, கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் வெட்டிப்பேச்சுப் பேசித் தீர்த்தோமே, அந்தப் பொழுது எந்தக் கடையிலும் விலைக்கு வருவதாகத் தெரியவில்லை. தையல்காரர் மட்டும் அதைத் தாராளமாக வைத்திருக்கிறார்.

திரும்பும்போது இன்னொரு கூத்து. பெட்டியின் கனம் பெருமையாக இருந்தது போய், இன்று அது குற்றம். இருபது கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் காசு; கைப்பையில் ஏழு. வீட்டிலேயே தொங்குதராசு வாங்கி வைத்து, பெட்டியைத் தூக்கிப் பிடித்து மூச்சடக்கி எடை பார்க்கிறோம். அப்படியும் விமான நிலையத் தரையில், குடும்பம் குடும்பமாகப் பெட்டிகளைப் பரப்பி, சேலையை இதிலிருந்து அதற்கும், குத்துவிளக்கை அதிலிருந்து இதற்கும் மாற்றிக்கொண்டு, கடைசியில் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது, எனக்குச் சஃபாரி சூட் போட்ட அந்த இளைஞன் மேல் இருந்த கேலி கொஞ்சம் குறைகிறது.

2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா வேண்டாம் என்றாகிவிட்டதால், இப்போது அவர்களும் நாலு நாள் பயணமாக இங்கே வருகிறார்கள். மாமாவின் பேரன் வந்திருந்தான். வருவதற்கு முன்பே பட்டியல் கையில்: பெரில்ஸ் சாக்லேட், ஈப்போ வெள்ளைக் காப்பி. மற்றபடி பெரிய கடைகளில் ஏறி இறங்கிவிட்டு, "எல்லாம் அங்கயே கெடைக்குது தாத்தா, ஆன்லைன்ல இன்னும் கம்மி" என்று கையை வீசிக்கொண்டு வந்தான். நான் அந்த வயதில் சுமந்த சுமையை நினைத்து எனக்கு வந்தது சிரிப்பா எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை. கிளம்புகிற அன்று அத்தை அங்கிருந்து கூப்பிட்டார். தொண்ணூறை நெருங்குகிற கிழவி. பேரனிடம் பேசவில்லை, என்னிடம்தான் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தக் கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில் குடுத்து விடேன்."

"அங்கேயே மருந்துக் கடையில விக்குதே அத்தை?"

"இங்க விக்கிறது உறைக்க மாட்டேங்குதுப்பா."

லோபாக்கில் கோடாலித் தைலம் விற்காத கடை கிடையாது. வாங்கிக் கொடுத்தேன். அவனும் மறுபேச்சில்லாமல் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

ஆகவே திருச்சிக்கோ சென்னைக்கோ நாலு நாள் போகிறவர்களுக்கு, என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இறங்கிய அன்றே, குளிக்கக்கூட நிற்காமல், ஜாக்கெட் துணியைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் லோபாக்கிலேயே கிடைக்கும்.