வெள்ளி வேட்டை

உழைப்பின் அருமையை அமெரிக்க நாணயப் பிரியர்களிடம் கற்க வேண்டும். வங்கியில் 5 டாலர் கொடுத்து, பத்து சென்ட் காசுகள் 50 அடங்கிய சுருளை வாங்குகிறார்கள். வீட்டில் அதை உடைத்து, ஒவ்வொரு காசின் விளிம்பையும் விளக்கடியில் பார்க்கிறார்கள். செம்புக் கோடு தெரிந்தால் தள்ளுபடி. முழுக்க வெளுப்பா? 1964 வரை அடித்தது, 90 சதவீதம் வெள்ளி!

தள்ளுபடியை வேறு வங்கியில்தான் கட்டுவார்கள். இல்லாவிட்டால் அதே சுருள் மறுபடி தலையில் விழும். மூட்டை சுமந்து தோள் வலுக்கிறது, பெட்ரோல் பங்க் செழிக்கிறது.

சிக்கிய வெள்ளியை விற்பார்களா? சிவ சிவா! லாக்கரில் வைத்துப் பூட்டுவார்கள். பத்து சென்ட்டுக்கு அதைத் தந்த வங்கிக்கே வருடா வருடம் வாடகை. பாவம், வங்கியும் பிழைக்க வேண்டாமா?