பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட மணல்

ஸ்காட்லாந்தில் அபர்தீனுக்கு வடக்கே மெனி என்றொரு கடலோரம். பூட்டும் சாவியும் அறியாத மணல்மேடுகள். காற்றடித்தால் இடம்பெயரும், அந்த அபூர்வத்துக்காகவே அரசு அவற்றைப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருந்தது. இந்தக் கடலோரத்தைத்தான் டொனால்ட் டிரம்ப் 2012இல் பொதுமக்களுக்குத் 'திறந்துவிட்டார்', கால்ஃப் மைதானமாக. யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஒரு சுற்றுக்கு நூற்றுக்கணக்கில் பவுண்டு எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

2007இல் உள்ளூர் கவுன்சில் கமிட்டி வேண்டாம் என்றது. உள்ளூர்க்காரனுக்கு என்ன தெரியும்? எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசு கோப்பைத் தன் மேசைக்கு இழுத்து, அடுத்த ஆண்டே அனுமதி கொடுத்தது. 6,000 வேலை, 100 கோடி பவுண்டு முதலீடு, 450 அறை ஹோட்டல் என்றெல்லாம் வாக்குறுதி. அந்த ஹோட்டல் வரவே இல்லை. திறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் சம்பளப் பட்டியல் நூறு பேரைத் தொடவில்லை.

நகரும் மணலில் பந்து உருளுமா? புல்லை நட்டு மணலைக் கட்டிப்போட்டார்கள். 2020இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை, இனி இங்கே பாதுகாக்க ஒன்றுமில்லை என்று மைதானப் பகுதியைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கொலை செய்தவனை விட்டுவிட்டு, செத்தவன் பெயரை ரேஷன் கார்டில் அடிப்பது போல.

நிலம் விற்க மறுத்த அண்டை வீட்டாருக்கும் மரியாதை நடந்தது. அவர்கள் வீட்டோரம் மண்ணைக் குவித்து, மரம் நட்டு மறைத்தார்கள். இதே டிரம்ப்தான், கடலில் 11 காற்றாலை வந்தால் தன் மைதானத்தின் காட்சி கெடும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய் 2015இல் தோற்றவர். ஜன்னலில் கடல் பார்த்துப் பழகிய குடியானவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்?

கால்ஃப் என்றாலே இப்படித்தான் என்று யாரும் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். இதே நாட்டில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊராருக்குக் கடலோர நிலத்தில் உள்ள உரிமை 1552இலேயே சாசனத்தில் ஏறிவிட்டது. கால்ஃபின் கோயில் என்று உலகமே கும்பிடும் அந்தப் பழைய மைதானத்தில், பெரிய போட்டி இல்லாத ஞாயிறுகளில் ஆட்டம் கிடையாது. ஊர் ஜனம் நாயைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக உலாத்துகிறது. டிக்கெட் கேட்க ஆளில்லை.

மெனியில் 2025 ஜூலையில் இரண்டாவது மைதானமும் வந்தாயிற்று. ரிப்பன் வெட்ட அதிபரே வந்தார். பொதுமக்களுக்கு அதில் பங்கில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்: அந்தப் பயணத்துக்குக் காவல் நின்ற ஆயிரக்கணக்கான போலீசாருக்குப் படியளந்தது அவர்களுடைய வரிப்பணம்தான்.