கேலரியிலிருந்து அடித்த கடைசி ஷாட்

கூடைப்பந்து ரசிகர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. ஆட்டம் சமநிலை, கடிகாரத்தில் ஐந்தே விநாடி. பந்து யார் கைக்குப் போகவேண்டும்? 1997 என்பிஏ இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், தன்னை இரண்டு பேர் மறித்ததும் மைக்கேல் ஜோர்டன் பந்தை ஸ்டீவ் கெர்ருக்குத் தள்ளினார். கெர் போட்டார், சிகாகோவுக்குக் கோப்பை. அதற்கு மூன்று வருஷம் முன்பு, இதே அணியில், கடைசி 1.8 விநாடிக்கான ஷாட்டை டோனி குகோச்சுக்குக் கொடுத்தார் கோச். ஸ்காட்டி பிப்பன் கோபித்துக்கொண்டு பெஞ்சை விட்டு எழவே இல்லை. பிப்பனைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் மனுஷன் அந்த சீசன் முழுக்க ஓடி வியர்த்தவர்; குகோச்சும் அப்படித்தான்.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கம் இந்தக் குழப்பமே கிடையாது. இங்கே கடைசி ஷாட், களத்தில் ஒரு அடிகூட ஓடாதவருக்கே ஒதுக்கப்பட்டது. விதி அவ்வளவு தெளிவு. அடுத்த முதலீட்டாளர் மாநாட்டில் இதற்கும் ஒரு ஸ்டால் போடலாம்.

2024 செப்டம்பர் 9 அன்று இங்கே உள்ள சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்திவிட்டுப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஃப்ரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் செய்கிற கைகள். சம்பள உயர்வு கேட்டார்கள். அதைவிட முக்கியமாக, சங்கத்தைப் பதிவு செய்யச் சொன்னார்கள். 1926இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் தந்த உரிமை. நிறுவனத்தின் ஆட்சேபணையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருக்கக்கூடாதாம், அது வணிகச் சின்னமாம். அந்தப் பெயர் பொறித்த பெட்டிகளை வருஷக்கணக்கில் லைனில் தள்ளலாம். தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் மட்டும் திருட்டு!

அக்டோபர் 7. அன்பரசன், டி.ஆர்.பி.ராஜா, சி.வெ.கணேசன் என்று மூன்று தமிழக அமைச்சர்கள் களமிறங்கினார்கள். களத்திலா இறங்கினார்கள்? கேலரியில் நின்றபடியே அடித்தார்கள். நிர்வாகம் ஒருபக்கம் கையெழுத்திட்டது. மறுபக்கம் கையெழுத்திட்டவர்கள், போராடுகிற சங்கத்தைச் சேராத தொழிலாளர்கள். பிரச்சினை தீர்ந்தது என்று அறிவிப்பும் வந்தது. பந்தலிலிருந்தவர்களோ, தீராத பிரச்சினையோடு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதலாக ஏசி பஸ். சங்கம் கேட்டவனுக்குக் குளிர்காற்று! பேரம் பேசும் உரிமையை ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இப்படி அடித்த பந்து கூடையில் விழவில்லை. விழாவிட்டால் என்ன, கூடையையே கழற்றிவிட்டால் போயிற்று. போலீஸ் வந்தது. சிலரை வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போனது. பந்தல் பிரிக்கப்பட்டது. சமூகநீதி பேசும் அரசின் போலீஸ் என்பதால் பந்தல் கம்புகளைக்கூட சமத்துவமாகத்தான் பிடுங்கியிருக்கும்.

கேட்டால் ஒரே பதில்: “முதலீடு வியட்நாமுக்கு ஓடிவிடும்.” சரி, நோக்கியாவை எந்தச் சங்கம் விரட்டியது? அதன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் கைமாறாமல் நின்றது. பிறகு ஆர்டரும் நின்றது. 2014 நவம்பரில் கதவை மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அந்த ஆட்டத்தில் கடைசி ஷாட்டை அடித்தவர்கள் வருமானவரித் துறையிலும் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். லைனில் நின்ற பெண்ணின் கைக்குப் பந்து ஒருதரம்கூட வரவில்லை. தோல்வி மட்டும் அவள் கணக்கில்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியதும் இதே அரசின் அணிதான். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். எந்தத் தேதியில் தொழிலாளி மேல் பாசம் பொங்கவேண்டும் என்று காலண்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார்களோ என்னவோ.

பந்தைத் தொழிலாளிகளே பிடுங்கி அடித்ததும் ஒருதரம் நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை சாம்பாரில் என்ன மிதந்தது என்று கவலைப்படாத ஆப்பிள், உடனே ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. எந்த அமைச்சரும் கொடுத்த பாஸ் அல்ல அது.

சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்து முடிந்தது. சங்கத்தைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் கெடு வைக்கவேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பதிவானது. ஒரு நூற்றாண்டுச் சட்டத்தை இந்த மாநிலத்தில் செல்லுபடியாக்க இவ்வளவு பாடு. அடுத்த மாதமே, அந்தச் சங்கத்தின் நிர்வாகிகள் மூன்று பேரை நிர்வாகம் சஸ்பெண்ட் செய்தது. இந்தமுறை கேலரியிலிருந்த மூவருக்கு எந்த அவசரமும் இல்லை.